ஏசி என்று எழுதியது நான்தான்

1

“ஏசியா? இந்தக் குளிர்லயா? ஏம்புள்ள, கூடையைத் தலையில மாட்டி மாட்டி உள்ளுக்கு இருந்ததெல்லாம் கழண்டு போச்சா ஒனக்கு?”

“கத்தாதீங்க. பக்கத்துல டீச்சரு இருக்காங்க.”

“இருக்கட்டும்! அவங்களும் கேக்கட்டும்! தோட்டமே கம்பளியைப் போத்திக்கிட்டு நடுங்குது. இவ ஏசி வாங்கப் போறாளாம்!”

“ஏசி இல்லைங்க. ரூம்பைச் சூடாக்குற மெசினு.”

“கடையில என்னான்னு எழுதி ஒட்டியிருந்தான்? ஏசின்னுதானே?”

“எழுதினவன் வந்து என் வெரலை விரிச்சு விடுவானா?”

ஏதோ ஒரு சட்டி கீழே விழுந்தது. விழுந்ததா, எறியப்பட்டதா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டேன்.

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதம் அதுதான். ஒளிக்க ஒன்றுமில்லை. கொட்டகலைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்களுக்கு இடைப்பட்ட சுவர்கள் கூரைவரை போவதில்லை. மேலே ஒரு முழம் இடைவெளி. கட்டிய வெள்ளைக்காரன் கல்லை மிச்சம் பிடித்தான்; அந்த மிச்சத்தில்தான் நான் கதை எழுதுகிறேன். அந்தப் பக்கம் வடிவேல் அண்ணனும் சீதாலெட்சுமியக்காவும். இந்தப் பக்கம் நான், தோட்டத்துப் பாலர் பள்ளி டீச்சர், லயத்துக்கே கடுதாசி எழுதிக் கொடுப்பவள். ஒட்டுக் கேட்கிறவள் என்றும் சொல்வார்கள். நான் ஒட்டவில்லை. அதுவாகவே வந்து விழுகிறது.

(கட்டில்மேல் ஏறி நின்றதை மேலே எழுதிவிட்டேன். சரி, இருக்கட்டும்.)

2

முதலில் இந்தக் கதையை வேறு மாதிரித் தொடங்கினேன்:

‘குறைமாதத்தில் பிறந்த பேரப்பிள்ளையின் உள்ளங்கால் நீலம் பாரித்திருந்தது. இதைச் சூடாக வைத்திருக்காவிட்டால், என்று டாக்டர் சொல்லத் தொடங்க, சீதாலெட்சுமி தன் சேலைத் தலைப்பை…’

நிறுத்திவிட்டேன். அப்படி ஒரு பேரப்பிள்ளை கிடையாது. ஒரே மகன் மதுசூதனன் கொழும்பில் கடையில் நிற்கிறான், இன்னும் கலியாணம் ஆகவில்லை. பிறகு ஏன் பிள்ளையைக் கொண்டுவந்தேன்? உங்களுக்காக. பிள்ளைக்கு என்றால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள். படுத்த படுக்கையான மாமியாருக்கு என்றாலும் தலையாட்டுவீர்கள். ஐம்பத்தாறு வயதுப் பொம்பளை ஒருத்தி தன் காசில், தன் உடம்புக்கு, ஒரு அறை சூடாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள் என்று எழுதினால், ‘அவளுக்கு எதற்கு?’ என்று கேட்பீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள். நானே கேட்டேன். லயமே கேட்டது.

உண்மைத் தொடக்கம் இதுதான். முப்பத்துமூன்று வருடம் கொழுந்து பறித்தவரின் விரல்கள் காலையில் விரிவதில்லை. கொழுந்தைக் கிள்ளும் வளைவிலேயே நின்றுபோய்விட்டன. வெந்நீரில் முக்கினால் விரியும். ஆனால் வெந்நீர்க் கேத்தலைத் தூக்க விரிந்த விரல் வேண்டும். மார்கழி, தை என்றால் பத்து மணிவரை அவருக்குக் கை இல்லை. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, “குளிர் படாம வச்சிக்கங்க” என்றார்களாம். வெளியே வந்து என்னிடம், “குளிருக்கும் ஒரு துண்டு எழுதிக் குடுத்திருக்கலாம், டீச்சர்” என்றார்.

வேலையை விட்டதும் ஈ.பி.எஃப். சேமிப்புக் காசு வந்தது. மகனுக்கு ஆட்டோ எடுக்க முன்பணம் என்று வடிவேல் அண்ணன் எப்போதோ முடிவு பண்ணி வைத்திருந்தார். யாருடைய காசு என்று அவரிடம் கேட்டால், “நம்ம காசு” என்பார். அந்த ‘நம்ம’வில் எத்தனை பேர் கொழுந்து பறித்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

3

ஹட்டன் கடைக்கு நானும் போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன்.

கோகுலராஜ் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. பேச்சில் தேன் வடியும். “அக்கா, ஒங்களுக்கு இதெல்லாம் எதுக்கு? சின்ன ஹீட்டர் எடுங்க. கம்பி செவக்கும், கையக் காட்டுங்க, அவ்வளவுதான்” என்று ஒன்றை எடுத்து வைத்தார். ‘ஒங்களுக்கு’ என்ற சொல் எங்கள் இருவரின் செருப்பையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தது.

“அது கையை மட்டும்தான் சூடாக்கும். எனக்கு ரூம்பு சூடாகணும்” என்றார் அக்கா.

கடையில் மெசின் பொருத்துகிறவன் திலக்ஷன். முப்பது வயது, பொய் சொல்லத் தெரியாத வாய். அந்தக் கடையில் எப்படிக் காலம் தள்ளுகிறானோ. அவன்தான் குறுக்கே வந்தான். “ஹீட்டர் கரண்டைக் குடிக்கும் அம்மா. பில் கட்ட முடியாது. இது ஹீட் பம்பு. இது சூட்டை உண்டாக்குறதில்ல. வெளியில காத்துல இருக்கிற சூட்டை இழுத்து உள்ளுக்குத் தள்ளும். அதால கரண்ட் கொறையத்தான் எடுக்கும்.”

“வெளியில எங்கய்யா சூடு?”

“குளிர் காத்துலயும் கொஞ்சம் சூடு இருக்கும்மா.”

அக்கா சிரிக்கவில்லை. “முப்பத்தி மூணு வருசம் வெளியிலதான் நின்னேன். எனக்குத் தெரியாத சூடா?”

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். (நானும்தான்.) திலக்ஷன் மட்டும் சிரிக்காமல் ரிமோட்டை எடுத்துக் காட்டினான். ஒரு பக்கம் பனிப்பூப் படம், ஒரு பக்கம் சூரியன் படம். கொழும்புக்கு வருகிற மெசின்களில் பாதிக்குச் சூரியன் கிடையாதாம், பனிப்பூ மட்டும்தானாம். அதுதான் விலை குறைவு. கோகுலராஜ் உடனே அதைக் கொண்டுவரச் சொன்னார்.

“சூரியன் இல்லாட்டி எனக்கு வேணாம் தம்பி” என்றார் அக்கா. முழுக் காசையும் எண்ணிக் கொடுத்தார். விரிந்த விரலால், பகல் ஒரு மணிக்கு.

போகும்போது திலக்ஷன் இரண்டு விஷயம் சொன்னான். ஒன்று, வெளிச் சுவரில் மூன்று அங்குலத்துக்கு ஒரு ஓட்டை போட வேண்டும். இரண்டு, “ரூம்புக்கு மேல எடைவெளி இருக்குன்னீங்களே, அதைப் பலகை வச்சு நல்லா அடைச்சிரணும். இல்லாட்டி சூடெல்லாம் டீச்சர் வீட்டுக்குப் போயிரும்.”

இந்த இரண்டாவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டதாக நடிப்பேன்.

4

சுவர் தோட்டத்துடையது. நான்கு தலைமுறை அதற்குள் பிறந்து செத்திருக்கலாம், வருடா வருடம் சொந்தக் காசில் வெள்ளை அடித்திருக்கலாம். மூன்று அங்குல ஓட்டை போட வேண்டுமானால் தோட்டத்தை நடத்தும் துரையிடம் எழுத்தில் கேட்க வேண்டும். அக்கா என்னிடம் வந்தார்.

“ரூம்பைச் சூடாக்குற மெசின்னு எழுதுங்க டீச்சர். கைக்கு ஏலாம இருக்குன்னு எழுதுங்க.”

எழுதினேன். நல்ல தாளில், நல்ல கையெழுத்தில். ‘எனது வீட்டில் ஏசி பொருத்துவதற்கு அனுமதி தருமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்.’ கைக்கு ஏலாதது பற்றி ஒரு வரி எழுதினேன். பிறகு கடிதம் நீளமாகிவிட்டது என்று எடுத்துவிட்டேன். அக்காவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். ஆனால் என்னை நம்பினார். வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

இரண்டு வாரத்தில் ஆபிஸிலிருந்து பதில் வந்தது: ‘தோட்டக் குடியிருப்புகளில் குளிரூட்டி போன்ற ஆடம்பரச் சாதனங்கள் பொருத்த அனுமதி இல்லை.’

சூடு கேட்டவருக்குக் குளிர் தரமாட்டோம் என்று பதில். இதைவிட நல்ல நகைச்சுவையை என்னால் எழுத முடியாது. அதனால் இது நகைச்சுவை இல்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். ஆபிஸில் சிரித்தார்கள். பெரட்டுக் களத்தில் காலையில் பேர் கூப்பிடும்போது சிரித்தார்கள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அக்காவைக் கண்டதும், “ஏசியம்மா வாறாங்க, தண்ணி ஐஸ் ஆகிரும், சீக்கிரம் புடிங்கடி” என்றார்கள்.

மெசின் பெட்டி பிரிக்கப்படாமல் காம்பராவின் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. வடிவேல் அண்ணன் அதன்மேல் துணி காயப் போட்டார்.

5

வடிவேல் அண்ணனை இதுவரை கெட்டவராகவே எழுதிவிட்டேனோ என்று ஒரு சந்தேகம். அவர் துரை பங்களாவில் பூந்தோட்டக்காரர். இருபது வருடமாக ரோசாவுக்குப் பனி படாமல் சாக்குப் போடுகிறவர். பனி என்றால் என்னவென்று தெரியாதவர் இல்லை. பதில் வந்த அன்று சுவருக்கு மேலால் வந்ததை அப்படியே தருகிறேன். நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

“ஒன்னு கேக்குறேன், சொல்லுங்க. பங்களா சுவத்துல, பெரிய ரூம்பு ஜன்னலுக்குப் பக்கத்துல, ஒரு வெள்ளைப் பொட்டி தொங்குதே.”

“ஆமா. ரெண்டு இருக்கு. கீழ காத்தாடி வச்ச பொட்டி. நாந்தான் எலையெல்லாம் அள்ளித் தொடைப்பேன்.”

“அது என்னாது?”

“அது ஹீட்டிங்கு.”

“நம்ம வீட்டுல நிக்கிற பொட்டியில போட்டிருக்கிற படத்தைப் பாருங்க. அதேதானே?”

பெட்டிமேல் கிடந்த துணியை விலக்கும் சத்தம் கேட்டது.

“அதேதான்.”

“அப்ப அதுக்கும் இதுக்கும் என்னாங்க வித்தியாசம்?”

“அது பங்களால இருக்கு புள்ள.”

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. விளக்கமாகச் சொன்னார். அதைக் கேட்டுத்தான் நான் கட்டிலிலிருந்து இறங்கினேன். ஒரே மெசின். பங்களாவில் மாட்டினால் ஹீட்டிங், லயத்தில் மாட்டினால் ஏசி. அதற்கு அந்தப் பேரை வைத்தது துரையா? இல்லை. துரைக்கு முன்னால் வைத்தது என் பேனா.

6

மறுநாள் காலை அக்கா என் வாசலில் நின்றார். கையில் கடிதத்தின் நகல். ஆபிஸில் கேட்டு வாங்கியிருக்கிறார். எழுத்துக் கூட்டிக் கூட்டி, இந்த முறை வாசித்திருக்கிறார்.

“ஏ…சி. இதை யாரு எழுதச் சொன்னா?”

“அக்கா, எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க…”

“நான் சொன்னேனா?”

“சின்னச் சொல்லா இருக்கட்டுமேன்னு…”

“கை ஏலலைன்னு எழுதச் சொன்னேனே, அது எங்க? எங் கையைக் கடுதாசியில இருந்து வெட்டி எங்க போட்டீங்க டீச்சர்?”

பிறகு அவர் ஏசிய ஏச்சு இருக்கிறதே! ஏசி கேட்டவர் ஏசிவிட்டுப் போனார் என்று ஒரு வரி எழுதி, அதன் அழகில் ஒரு நாள் மயங்கிக் கிடந்தேன். இப்போது அந்த வரியை அடித்துவிடுகிறேன். அந்த ஏச்சில் அழகு இல்லை. என் சாப்பாடு, என் சம்பளம், என் தனிக்கட்டை வாழ்க்கை, கட்டில்மேல் ஏறும் என் கால்கள் எல்லாவற்றையும் எடுத்து வெளியே போட்டார். லயத்தில் ஒரு கதவு பாக்கியில்லாமல் திறந்துகொண்டது. முதல் தடவையாக என் கதையை மற்றவர்கள் கேட்டார்கள்.

ஏன் அப்படி எழுதினேன்? காரணங்கள் எழுதிப் பார்த்தேன். ‘எனக்குச் சரியான சொல் தெரியாது.’ பொய், திலக்ஷன் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். ‘கொஞ்சம் பொறாமை.’ பாதி உண்மை. பாதி உண்மையை ஒத்துக்கொள்வது சுலபம்.

மீதிப் பாதி அந்தப் பலகை. இடைவெளியை அடைத்துவிட்டால் எனக்கு ஒன்றும் கேட்காது. இந்தக் கதை இருக்காது. வெளியே கிடக்கும் சூட்டை இழுத்து உள்ளே தள்ளும் மெசின் என்று திலக்ஷன் சொன்னபோது, அந்தக் கடையில் ஏற்கனவே ஒன்று என் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தது. அதற்கு எந்தத் துரையும் அனுமதி மறுத்ததில்லை.

7

முடிவுகள்.

(அ) துரை மனமிரங்கி— அடித்துவிட்டேன். இரங்குவதற்கு முதலில் ஒருமுறை மேலே வந்து பார்க்க வேண்டும்.

(ஆ) எல்லாரும் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறிய பிறகு அக்கா அலவாங்கை, அந்தக் கனத்த இரும்புக் கம்பியை, எடுத்துச் சுவரில் ஓங்கி ஒரு குத்து— எழுதும்போது என் கை குதித்தது. ஆனால் அந்த விரல்களால் அலவாங்கைப் பிடிக்க முடியாதே. பிடிக்க முடிந்தால் மெசினே தேவையில்லை.

(இ) நான் இன்னொரு கடிதம் எழுதுகிறேன். சரியான சொல்லோடு, கை பற்றிய வரியோடு. இதை நிஜமாகவே எழுதினேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா வாசித்தார், முழுவதும், விரலை வரியில் வைத்து.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. மொதல்லயே எழுத வந்திருக்கே ஒங்களுக்கு.”

“கையெழுத்து வைங்கக்கா.”

“மாட்டேன். எங் காசுல வாங்கின பொருளு. எவங்கிட்டயும் போய் நிக்கமாட்டேன். கடுதாசியை நீங்களே வச்சிக்கங்க, ஒங்க கதைக்கு ஆகும்.”

ஆகிவிட்டது. அந்தக் கடிதம் இங்கே இருக்கிறது: ‘எனது வீட்டில் …………… பொருத்துவதற்கு அனுமதி.’ இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். சொல்லை நீங்கள் போடுங்கள். போடும்போது, எழுதிக் கேட்கும் வீடு லயமா பங்களாவா என்று உங்கள் கை முதலில் பார்க்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

8

அதற்குப் பிறகு.

சீதாலெட்சுமியக்கா தை பிறக்கும் முன் கொட்டகலை பஜாருக்குப் பின்னால், சின்னராசா என்பவர் வீட்டு மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். “ஓட்டையா? ரெண்டு வேணும்னாலும் போட்டுக்கங்க, மழை வராட்டிச் சரி” என்றாராம் சின்னராசா. பெட்டியை இறக்கியது திலக்ஷன். அவன் அடுத்த மாதமே வட்டகொடையில் பெண் கட்டி, கோகுலராஜ் கடையை விட்டு, அங்கேயே தனியாக வேலை எடுத்துச் செய்கிறான்.

வடிவேல் அண்ணன் வீறாப்பாக மூன்று மாதம் இங்கேயே இருந்தார். சனிக்கிழமை சாயந்தரம் தலை சீவிக் கொட்டகலைக்குப் போய்த் திங்கள் காலை சிவந்த முகத்தோடு வருவார். பெண்டாட்டியையே வைப்பாட்டி மாதிரிப் போய்ப் பார்க்கிறார் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். (முதலில் பேசியது யார் என்று கேட்காதீர்கள்.) சித்திரையில் அவரும் கீழே போய்விட்டார். காலையில் பங்களா ரோசாவைப் பார்க்க மட்டும் மேலே வருகிறார்.

அந்த மாடி அறை எவ்வளவு சூடு, அக்காவின் விரல் இப்போது எத்தனை மணிக்கு விரிகிறது என்று எனக்குத் தெரியாது. என்னை யாரும் கூப்பிடவில்லை. அங்கே சுவர் கூரைவரை போகிறதாம்.

போன வாரம் ஆபிஸிலிருந்து வந்து பக்கத்துக் காம்பராவைப் பூட்டிவிட்டார்கள். மேலே இடைவெளி அப்படியே இருக்கிறது. முன்பெல்லாம் அந்த வழியாக அவர்கள் அடுப்புச் சூடும் கொஞ்சம் எனக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. நின்ற பிறகுதான் தெரிகிறது.