இருபத்தாறாவது ரீசார்ஜ்

மாதம் என்றால் முப்பது நாள், மிஞ்சினால் முப்பத்தொன்று. பிப்ரவரி ஒன்றுதான் குள்ளம். ஆனால் செல்போன் கம்பெனிக்காரனுக்கு எல்லா மாதமும் பிப்ரவரிதான். இருபத்தெட்டாம் நாள் விடிந்ததும் 'உங்கள் பிளான் இன்றோடு முடிகிறது' என்று வந்து நிற்பான். வருடத்தில் பன்னிரண்டு சம்பளம் வாங்குகிறவன் பதிமூன்று தடவை ரீசார்ஜ் பண்ண வேண்டும். இது என்னங்க அநியாயம் என்று மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் மர்யம் அக்காவின் ஜெராக்ஸ் கடைக்கு வருகிற அத்தனை பேரும் திட்டுவார்கள். திட்டிக்கொண்டே ரீசார்ஜும் பண்ணிக்கொண்டு போவார்கள்.

அந்தக் கடையில் வேலை பார்க்கும் மதிவதனி மட்டும் திட்டமாட்டாள். அவளுக்கு இந்தக் குள்ள மாதம் ரொம்பப் பிடித்திருந்தது. சீக்கிரம் முடிந்துவிடுகிறதே!

அவளுடைய புருஷன் சேரன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தான். கல்யாணமாகி நாலே மாதத்தில் போனவன். திருச்சி ஏர்போர்ட் வாசலில் அவன் ரெண்டு வருஷம் என்று சொன்னதும் மதிவதனி தேம்ப ஆரம்பித்துவிட்டாள். சுற்றிலும் ஆட்கள் பார்க்கிறார்கள். இவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"ஏய் மதி, ரீசார்ஜ் கடைக்காரிதானே நீ? ரெண்டு வருஷத்துக்கு எத்தன ரீசார்ஜ், சொல்லு பாப்பம்" என்றான்.

"இருபத்தாறு" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"அவ்வளவுதான். இருபத்தாறு ரீசார்ஜ். வந்து நிக்கிறேன்."

பெட்டியை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, வரிசையில் நின்றபடியே முதல் ரீசார்ஜை அவள் நம்பருக்குப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனான். அதிலிருந்து இருபத்தெட்டு நாளைக்கு ஒரு தரம் அங்கிருந்தே அவன்தான் போடுவான், தன் சிங்கப்பூர் கார்டுக்கும் அதே நாளில். கம்பெனி மெசேஜ் வந்த கையோடு அவன் மெசேஜும் வரும். ஏழு முடிஞ்சுச்சு. பன்னெண்டு முடிஞ்சுச்சு, பாதி தாண்டப்போறோம். இருபத்தஞ்சு, இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்டி!

பிளான் என்னவோ தினம் ஒன்றரை ஜிபி. அந்த ஒன்றரை ஜிபியை அவள் பொத்திப் பொத்தி வைத்தாள். காலையில் பாமணி ஆற்றங்கரையோரம் வரும் டவுன் பஸ்ஸில் ஏறினால் பஸ் முழுக்க ரீல்ஸ் சத்தம்தான். ஒருத்தி செல்லில் பாட்டு, ஒருத்தி செல்லில் சமையல், நிற்க இடமில்லாத நேரத்திலும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள். இவள் மட்டும் டேட்டாவை அணைத்துவிட்டு வயலைப் பார்த்துக்கொண்டு வருவாள். ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகும் கண்ணாத்தாள் விடமாட்டாள்.

"நாங்கள்லாம் புருஷனுக்கு சோத்தத்தான்டி எடுத்து வைப்போம். இவ டேட்டாவ எடுத்து வைக்கிறா பாரு!"

பஸ்ஸே சிரிக்கும். மதிவதனியும் சிரிப்பாள். அவளுக்கென்ன வெட்கம்? சாயங்காலம் ஆறு மணிக்கு அவளுக்கு வேண்டியது அவளுக்குக் கிடைத்துவிடும்.

ஆறு மணிக்கு அங்கே எட்டரை. சேரன் குளித்துவிட்டு அறைக்கு வந்திருப்பான். இவள் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, அடுப்படி மேடையில் அஞ்சறைப்பெட்டி மேல் செல்லைச் சாய்த்துவைத்து வீடியோ போடுவாள். அவனும் அங்கே பொதுச் சமையல்கட்டில் ஒரு டப்பா மேல் சாய்த்துவைப்பான். அவ்வளவுதான், பிறகு ஒரே வீட்டில் இருக்கிற மாதிரிதான். இவள் வெங்காயம் நறுக்குவாள், அவன் கோழி கழுவுவான். கால் மணி நேரம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். திடீரென்று அவன் "மதி, மஞ்சத்தூள் போட்டனா?" என்பான். "போட்டீங்க, கரண்டி உள்ளதான் கெடக்கு" என்பாள். டிவி முன்னால் இருக்கும் மாமியார், யாரோ வீட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்று ஆரம்பத்தில் எட்டி எட்டிப் பார்த்தார். பிறகு பழகிவிட்டது.

எட்டு மணி வாக்கில் ஒன்றரை ஜிபியும் தீரும். படம் அப்படியே உறைந்துபோகும். சில நாள் அவன் வாய் பாதி திறந்தபடி நிற்கும். அந்த மூஞ்சியைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவள் சாப்பிட உட்காருவாள். சிரிப்பு சாப்பாட்டுத் தட்டு வரைக்கும்தான் வரும்.

ரீசார்ஜ் கடையில் இரண்டு வருடம் இருந்தால் போதும், ஜாதகம் பார்க்கிறவனைவிட ஜனங்களைப் பற்றி அதிகம் தெரிந்துவிடும். என்ன பிளான் போடுகிறார்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது. டேட்டா வேண்டாம், நம்பர் உயிரோடு இருந்தால் போதும் என்பவர்களுக்கு வெளியூரில் பிள்ளை இருக்கும், அது எப்போதாவது கூப்பிடும். மத்தியானம் ஓடிவந்து ஒரு நாள் டேட்டா பூஸ்டர் போடுகிறவனுக்குப் புதிதாகக் காதல் வந்திருக்கும். வருஷ பிளான் போடுகிற பெண்களை மதிவதனி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். "அவங்க லீவு முடிஞ்சு போயிட்டாங்கப்பா, இனிமே அடுத்த வருஷந்தான். ஒரேயடியா போட்டுரு" என்பார்கள். அவர்கள் அழுது முடித்தவர்கள். "நல்லதுக்கா, தலைவலி விட்டுச்சு" என்று சொல்லி இவளே முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்குப் போட்டுக்கொடுப்பாள். தனக்கென்று ஒரு நாளும் அதைப் போட நினைத்ததில்லை.

மார்கழி பாதியில் இருபத்தாறாவது வர வேண்டும். வந்தால் அதோடு தையில் அவன் வந்துவிடுவான். முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. புது இலவம்பஞ்சுத் தலையணை இரண்டு தைத்தாயிற்று. ஏர்போர்ட்டுக்குக் கார் வேண்டும் என்று ஊர்க்கார செந்தில்குமார் அண்ணனிடம் கார்த்திகையிலேயே சொல்லிவைத்தாயிற்று. உள்ளுக்குள் இருந்த ஆசையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. வாசலில் அவன் செருப்பு கிடக்க வேண்டும். துணி துவைக்கும்போது அவன் சட்டைப் பையில் பஸ் டிக்கெட் அகப்பட வேண்டும். இவ்வளவுதான் அவள் ஆசை, வேறு ஒன்றும் பெரிதாக இல்லை.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ஒரு பெரியவருக்கு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது செல் சிணுங்கியது. வந்தாச்சு, இருபத்தாறு! பெரியவரை அப்படியே நிற்க வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தாள்.

தினம் இரண்டரை ஜிபி. வேலிடிட்டி முந்நூற்று அறுபத்தைந்து நாள்.

முதலில், கம்பெனிக்காரன் தப்பாக அனுப்பிவிட்டான் என்று நினைத்தாள். பிளான் முடியும் தேதியைப் பார்த்தாள். அடுத்த வருட மார்கழி. அவன் மெசேஜ் வரும், ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். வந்தது. 'வந்துச்சா?' என்று மட்டும் இருந்தது. எண்ணிக்கை இல்லை.

தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த மர்யம் அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

"அட, வருஷ பிளானா! ஒம் புருஷன் மனசு யாருக்கு வரும்? ரெண்டரை ஜிபி புள்ள, இனிமே நீயும் பஸ்ல ரீல்ஸ் பாக்கலாம்!"

"ஆமாக்கா" என்றாள் மதிவதனி. சிரிக்கக்கூடச் செய்தாள். பெரியவருக்கு ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டு, பேப்பர் கட்டு எடுக்கிற மாதிரி உள்ளே போய் நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எத்தனை பெண்களுக்குத் தன் கையாலேயே இதைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்! யாரை ஏமாற்றலாம், ரீசார்ஜ் கடைக்காரியையா?

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் செந்தில்குமார் எதிரே வந்தார். இந்த மனுஷனுக்கு வேறு நாளே கிடைக்கவில்லை.

"என்ன தங்கச்சி, ஏர்போர்ட்டுக்குத் தேதி சொல்லலியே? தை பொறந்தா கல்யாண சவாரி வரிசையா நிக்குது. அப்பறம் வண்டி இல்லேன்னா என்னையச் சொல்லக்கூடாது."

"சொல்றேண்ணே" என்றாள். பஸ்ஸில் கண்ணாத்தாள் ஏதோ கேலி பேசினாள். என்ன பேசினாள் என்பதே இவள் காதில் ஏறவில்லை.

ஆறு மணிக்கு வீடியோ வந்தது. சேரன் அன்றைக்கு அளவுக்கு மீறிச் சிரித்தான்.

"எப்புடி! ரெண்டரை ஜிபி! இனிமே ஒம்பது மணி தாண்டியும் பேசலாம் மதி."

"ம்" என்றாள்.

அவன் வழக்கம்போல டப்பா மேல் செல்லைச் சாய்த்துவிட்டு மீனைக் கழுவினான். மீனைப் பற்றிப் பேசினான். மழையைப் பற்றிப் பேசினான். கூட வேலை பார்க்கும் அப்சர், தூக்கத்தில் தமிழும் மலாயும் கலந்து உளறுவதைச் செய்து காட்டினான். மதிவதனி கத்தரிக்காயை நறுக்கினாள், தாளித்தாள், இறக்கினாள். ம் என்பதற்கு மேல் ஒரு எழுத்து பேசவில்லை. அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் இன்னும் வேகமாகப் பேசினான். நிறுத்தினால் அவள் கேட்டுவிடுவாள் என்ற பயம்.

எட்டு மணி ஆனது. சேரன் சட்டியை மூடிவைத்தான்.

"சரி மதி, டேட்டா தீர்ற நேரம். நாளைக்கு..."

"தீராது மாமா. ரெண்டரை போட்டுருக்கீங்கள்ல. இன்னும் ஒரு ஜிபி கெடக்கு. சொல்லுங்க."

சேரன் சட்டி மூடியைத் திறந்து மறுபடி மூடினான்.

"என்ன சொல்ல?"

"தையில வர்ற ஆளு எதுக்கு எனக்கு அடுத்த மார்கழி வரைக்கும் போட்டீங்க?"

அதற்குமேல் அவனால் மழுப்ப முடியவில்லை. சொன்னான். பழைய வேலை முடிந்துவிட்டதாம். புது சைட்டில் இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் ஊருக்குப் போ, திரும்பி வருவதென்றால் மறுபடி ஏஜென்ட்டைப் பிடித்து முதலிலிருந்து வா என்று சொல்லிவிட்டார்களாம். நடுவில் லீவு கிடையாதாம்.

"எப்ப போட்டீங்க கையெழுத்து?"

"கார்த்திகையில."

"கார்த்திகையிலயா? இருபத்தஞ்சாவது வந்தப்ப இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்டின்னு மெசேஜ் போட்டீங்களே, அப்பவே போட்டாச்சா?"

"அதுக்கு முந்துன நாளு" என்றான். "ஒங்கிட்ட சொல்ல வாய் வரல மதி."

"வாய் வராமத்தான் பிளான்ல சொன்னீங்களாக்கும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மதிவதனி அடுப்பை அணைத்தாள். அணைத்தபிறகுதான் குரல் உடைந்தது.

"எனக்கு ஒங்களப் பாக்கணும் மாமா. டெய்லி பாக்குறோமேன்னு சொல்லாதீங்க. நான் பாக்குறது கழுத்து வரைக்குந்தான். ஒங்க காலு எப்படி இருந்துச்சுன்னே எனக்கு மறந்துபோச்சு. நீங்க சாப்புட்டுட்டு வச்ச தட்ட நான் கழுவணும். போற எடத்துலல்லாம் 'அவரு எப்ப வர்றாரு, அவரு எப்ப வர்றாரு'ங்குறாங்க. இன்னிக்கிக்கூட செந்தில்குமார் அண்ணன் தேதி கேக்குறாரு. நான் என்னன்னு சொல்லுவேன்? இருபத்தாறு, இருபத்தாறுன்னு அதத்தான மாமா நான் தின்னுக்கிட்டு இருந்தேன்?"

அந்தப் பக்கம் யாரோ சமையல்கட்டுக்குள் வந்தார்கள். சேரன் செல்லை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்தான். அவன் கண்ணும் சிவந்திருந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதார்கள். அழுது முடித்ததும் மதிவதனிக்குள்ளிருந்த கடைக்காரி விழித்துக்கொண்டாள்.

"ஒங்க கார்டுக்கு எவ்வளவு நாளைக்குப் போட்டுருக்கீங்க?"

"எந்தக் கார்டு?"

"ஒங்க போனுக்கு. அதுவும் இன்னிக்கித்தான தீருது."

"அது... எப்பவும் போடுறதுதான். இருபத்தெட்டு நாளு."

"ஏன்? இன்னும் ஒரு வருஷம் இருக்கப் போறீங்கள்ல. அங்க வருஷ பிளான் இல்லியா?"

"இருக்கு."

"பின்ன?"

சேரன் முகத்தைப் பனியனால் துடைத்துக்கொண்டான்.

"மொதல்ல எனக்குத்தான் போடப் போனேன். ஒரு வருஷம்னு அதுல பாத்ததும் கை ஓடல மதி. எவனாவது நாளைக்கே வந்து, 'வேல இல்ல, ஊருக்குப் போடா'ன்னு சொல்லிட மாட்டானான்னு இருக்கு. அப்பறம் எப்படிப் போடுறது? போட மனசு வரல."

மதிவதனி அவனையே பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவனை அவள் நீங்க என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள், சண்டையில்கூட அது மாறியதில்லை.

"எனக்குப் போட மட்டும் ஒனக்கு மனசு வந்துச்சா?" என்றாள்.

சேரன் வாயைத் திறந்தான். படம் உறையவில்லை. சிக்னல் நாலு கோடும் முழுசாக இருந்தது, டேட்டா இன்னும் முக்கால் ஜிபி மிச்சம் இருந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது.