விடுமுறை நாளிலும் வேலைக்குப் போனவர்

மாடிவீட்டுக்காரர் லீவு போடுவதற்குச் சொன்ன காரணங்களை மட்டும் தொகுத்தால் ஒரு வைத்திய நூலே போடலாம். இடுப்பு, வயிறு, பல், மறுபடியும் இடுப்பு. ஒரே பெரியப்பா இரண்டு முறை காலமானார். இதையெல்லாம் அவர் தொழிற்சாலைக்குப் போனில் சொல்லும்போது கீழ்வீட்டில் இருக்கும் எனக்குக் கேட்டுவிடும். எங்கள் மாடிப்படியின் வாகு அப்படி. மூன்றாம் படியில் நின்றால் இன்னும் நன்றாகக் கேட்கும்.

அப்பேர்ப்பட்ட மனிதர் திடீரென்று ஒரு நாளும் தவறாமல் வேலைக்குப் போகத் தொடங்கினார். மழையில் போனார். காய்ச்சலோடு போனார். பிறகு வார விடுமுறை அன்றும் "எக்ஸ்ட்ரா வேலை" என்று கிளம்பினார், அதுவும் சீட்டியடித்துக்கொண்டு. அட்டைப்பெட்டிக்குப் பசை தடவும் இயந்திரத்தின் முன்னால் போய் நிற்பதற்கு யாராவது சீட்டியடிப்பார்களா?

தெருமுனையில் துணி தேய்ப்பவரிடம் சும்மா பேச்சுக்குக் கேட்டுவைத்தேன்.

"எனக்கெதுக்குங்க ஊர் வம்பு," என்று பெட்டியைக் கீழே வைத்தார். அப்படித் தொடங்கினால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். "தேய்ச்சுக் குடுக்கற சட்டை திரும்ப எங்கிட்டதானே வருது. நின்னு வேலை செய்யற மனுசனுக்குக் கை கசங்கும், வயித்துப் பக்கம் கசங்கும். இவருக்கு முதுகு கசங்குது."

"முதுகா?"

"முழு முதுகு. நான் எதுவும் சொல்லல. நீங்க கேட்டீங்க."

நானும் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனபோது, மாடிவீட்டுக்காரர் மனைவியின் காதில் லேசாகப் போட்டுவைத்தேன். அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். பிறந்து ஏழு மாதம் ஆகிறது. ஒன்று அழுது ஓய்ந்தால் அடுத்தது ஆரம்பிக்கும். முறை வைத்து வேலை பார்ப்பதைத் தகப்பன் வேலை செய்யும் இடத்திலிருந்து கற்றுக்கொண்டது போல. நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கப் பழகிவிட்டேன். பெற்றவள் அப்படிச் செய்ய முடியுமா? கண்ணுக்குக் கீழே கரி பூசியது போல இருந்தாள்.

"எனக்கும் தோணிச்சுக்கா," என்றாள். "வரும்போது முகம் பளபளன்னு இருக்கு. சந்தேகப்படத்தான் எனக்கு நேரம் கிடைக்கல."

அடுத்த விடுமுறை நாளில் அவர் சீட்டியடித்துக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் நாங்களும் கிளம்பினோம். ஆளுக்கு ஒரு பிள்ளை. துணைக்குத்தான் போனேன். வேடிக்கை பார்க்கப் போனதாகப் பிறகு சிலர் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

தொழிற்சாலை வாசலில் காவலாளி எங்களைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார்.

"அவரா? உள்ளதான் இருக்கார். அந்த ரூம்ல."

"எந்த ரூம்ல?" என்றாள் அவள்.

காவலாளி தன் செருப்பைப் பார்த்தார். "கடைசி ரூம்மா. ஆனா கதவைத் தட்டக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க."

அவள் கையிலிருந்த பிள்ளையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு உள்ளே நடந்தாள். மேடம் வேறு இருக்கிறாளா என்று நானும் வேகமாகப் பின்னால் போனேன்.

மேடம் நடைவழியிலேயே எதிர்ப்பட்டார். மூக்குக் கண்ணாடி, கையில் சாவிக்கொத்து, பணி ஓய்வுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட வயது. எனக்கு அங்கேயே பாதி ஆர்வம் போய்விட்டது. ஊழியர் நலனைக் கவனிக்கவென்று புதிதாக வேலைக்கு எடுத்தவராம். எதிரே வருபவரையெல்லாம் "நலமா?" என்று கேட்பதால் நலம் மேடம் என்று பெயர். ஆட்கள் ஏன் இப்படி லீவு போடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. முதலில் மூச்சுப் பயிற்சி கொடுத்திருக்கிறார். எல்லாரும் நன்றாக மூச்சு விட்டுவிட்டு மறுநாள் லீவு போட்டார்கள். அப்புறம் ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டபோது, பாதிப் பேர் தூக்கம் போதவில்லை என்றார்களாம். உடனே பழைய சாமான் அறையைக் காலி செய்து, கட்டில் போட்டு, கறுப்புத் திரை தொங்கவிட்டுவிட்டார்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் முறை வச்சு அரை மணி நேரம் படுத்துக்கலாம்," என்றார் பெருமையாக. "இப்பல்லாம் லீவே கிடையாது. போர்டுல பாருங்க, பூஜ்யம்."

"இன்னிக்கு இவருக்கு விடுமுறையாச்சே," என்றேன்.

"விடுமுறையில வந்து படுக்கக் கூடாதுன்னு விதி போடலை. வருவாங்கன்னு யார் நினைச்சா?"

அவள் கதவைத் திறந்தாள். உள்ளே கட்டிலில், தலையணையைக் கட்டிக்கொண்டு, வாயைப் பிளந்தபடி கும்பகர்ணனுக்குத் தம்பியாகக் கிடந்தார் மனிதர். அறையில் வேறு ஈ காக்காய் இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

என் கையிலிருந்த பிள்ளை அழத் தொடங்கியது. அவர் கண்ணைத் திறக்காமல், "யாராவது எடுங்களேன்," என்று மறுபக்கம் புரண்டார். புரண்ட பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்பது உறைத்திருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்தார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றாள் மனைவி.

"சொன்னா..." தலையைச் சொறிந்தார். "சொன்னா நீ போக விடமாட்டியே."

பொய் சொல்லியிருக்கலாம். தூக்கக் கலக்கத்தில் உண்மை வந்துவிட்டது.

"வேற ஒருத்தி இருந்தாகூடச் சண்டை போட்டு ஒரு வழி பண்ணியிருப்பேன். நான் உட்கார்ந்தபடியே கண் அசந்து, பிள்ளைய எங்க போட்டுருவேனோன்னு பயந்துகிட்டு இருக்கேன். நீங்க இங்க வந்து திரை போட்டுத் தூங்குறீங்க." குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. பிறகு மேடம் பக்கம் திரும்பினாள். "உங்க போர்டுல குறைஞ்ச லீவெல்லாம் எங்க போச்சுன்னு தெரியுமா மேடம்? முன்னாடி இடுப்பு வலின்னு வீட்ல இருந்தப்பவாவது ஒரு பிள்ளையத் தூக்கி வச்சிருப்பாரு."

நலம் மேடம் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"நாளைக்கு லீவு போடுங்க," என்றாள் அவள் கணவரிடம்.

"நாளைக்கா? மேடத்தோட போர்டு..."

அவள் தன் கையிலிருந்த பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். என் கையிலிருந்ததையும் வாங்கி வைத்தாள். நேராகப் பேருந்துக்கு நடந்துவிட்டாள்.

மறுநாள் காலை நான் மூன்றாம் படியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "இடுப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம்," என்று மேலே அவர் குரல் கேட்டது. "வீட்ல அவ தூங்கணும். பிள்ளைங்கள நான் பாத்துக்கணும். ஆமா, அதான் காரணம்."

மதியத்துக்கு முன்னால் மேடமே வந்துவிட்டார். மாடிவீட்டுக்காரர் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு, மாடிப்படியின் தலைப்பில் இரண்டு தோளிலும் இரண்டைப் போட்டுக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். சட்டை இந்த முறை முன்பக்கம் நனைந்திருந்தது.

"அரை நாள் வந்தாக்கூடப் போதும்," என்று மேடம் ஆரம்பித்தார். "போர்டுல பூஜ்யத்த அப்படியே..."

"மெதுவா பேசுங்க மேடம்."

ஒன்று சிணுங்கியது. மேடம் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வது? தட்டிக் கொடுத்தபடி, "எப்ப படுத்தாங்க?" என்று கிசுகிசுத்தார்.

"விடிஞ்சதும். இன்னும் புரளக்கூட இல்ல."

சாத்தியிருந்த கதவை மேடம் ஒரு முறை பார்த்தார். பிறகு பிள்ளையோடு படியிலேயே உட்கார்ந்துகொண்டார். "இந்தக் காரணத்துக்குன்னே தனியா லீவு குடுக்க எழுதி அனுப்பறேன். வாரத்துல ஒரு நாள் போதுமான்னு அவங்க எழுந்ததும் கேக்கணும்."

"நான் எழுப்ப மாட்டேன்."

"எழுப்பச் சொன்னேனா?"

நான் தேநீர் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, இரண்டு படி கீழே உட்கார்ந்தேன். கதவு திறந்தபோது வெயில் இறங்கியிருந்தது. தலை கலைந்து, கன்னத்தில் தலையணை மடிப்போடு வந்து நின்றாள். மேடம் விஷயத்தைச் சொன்னார்.

"ரெண்டு நாள்," என்றாள் அவள்.

மேடம் பேரம் பேசத்தான் வாயெடுத்தார். தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. சரியென்று தலையை மட்டும் ஆட்டினார்.