துணி போர்த்திய முதுகு

1

இந்தக் கதை என் கழுத்தில் பிறந்தது. சிரிக்காதீர்கள். குனிந்து எழுதி எழுதிப் பிடித்துக்கொண்ட கழுத்தைப் பெரம்பலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினேன். பெயர் பிரவீணா என்று வைத்துக்கொள்வோம். "தலையக் குனிங்க சார்" என்றவர், பிடரிக்குக் கீழே துருத்திய எலும்பில் விரலை வைத்து, "இது ஏழாவது. இங்கருந்து எண்ணிக்கிட்டே எறங்கலாம்" என்றார். எண்ணவும் எண்ணினார். பிறந்ததிலிருந்து சுமந்து திரிந்த ஒன்று அன்றைக்குத்தான் எனக்கு அறிமுகமானது.

பிறகு மேசையிலிருந்த ஒரு முள்ளெலும்பை என் கையில் கொடுத்தார். எலும்பு வழவழவென்று இருக்கும் என்றே நினைத்திருந்தேன். இது ஒரு சின்ன ஊராக இருந்தது. சதை பிடித்திழுத்த இடத்தில் மேடு. நரம்பு போன வழியில் வாய்க்கால். ரத்தக்குழாய் புகுந்த இடத்தில் துளை. நடுவில் தண்டுவடம் இறங்க ஒரு வளையம், பின்னால் நீட்டிக்கொண்டு ஒரு முள். மனிதன் வாழ்ந்த வாழ்வெல்லாம் அவன் எலும்பின் மேல்...

இந்த வரியை முடிக்கப்போவதில்லை. திகைத்துப்போய் எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: "2003, ஆனி மாதம். விக்கிரமங்கலம் பக்கம் பாழுங்கிணறு ஒன்றைத் தூர் வாரியபோது மனித எலும்புகள்—"

வேண்டாம். போலீஸ் ஸ்டேஷன் வாடை அடிக்கிறது.

இரண்டாவது: "மலர்க்கொடி தலைவிரி கோலமாக ஆஸ்பத்திரிக்குள் ஓடி—"

அவள் ஓடுகிறவள் இல்லை. குன்னத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, குழாயடியில் முகம் கழுவி, முந்தானையைச் சரிசெய்துகொண்டுதான் உள்ளே போனாள். கிணற்றில் கிடைத்தது அவள் புருஷன் செல்லப்பனா என்று பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். (விக்கிரமங்கலம் இருக்கும் அரியலூர்ப் பக்கமும் அப்போது பெரம்பலூர் மாவட்டத்துக்குள்தான் இருந்தது; அதனால் எலும்புகள் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு வந்தன.)

(செல்லப்பன் கிணறு வெட்டுகிறவன். ஏழு வருடத்துக்கு முன்பு வேலைக்கென்று போனவன் திரும்பவில்லை. எவளையோ கூட்டிக்கொண்டு திருப்பூர் போய்விட்டான் என்று ஊர் சொன்னது. இதை அடிக்குறிப்பில் போடத்தான் நினைத்தேன். ஏழு வருடம் ஒருத்தி காதில் விழுந்துகொண்டே இருந்த பேச்சை அடிக்குறிப்பில் தள்ள மனம் வரவில்லை.)

3

எலும்புகள் அசையாமலிருக்க, அகலமான தட்டில் மணல் பரப்பி, முள் மேலே பார்க்கும்படி பிரவீணா (கதையிலும் டாக்டர் அவர்தான்) வரிசையாகப் பதித்திருந்தார். ஒவ்வொன்றும் தனக்கு அடுத்ததன் மேல் மட்டும்தான் சரியாக உட்காரும். இடம் மாற்றினால் ஆடும். கழுத்தில் சிறுத்துத் தொடங்கி, இடுப்பில் பருத்து, கடைசியில் வாலாகக் குறுகி முடிந்தது அந்த வரிசை.

மலர்க்கொடி அழவில்லை. "இம்புட்டுமா ஒரு முதுவுக்குள்ள இருந்துச்சு?" என்றாள்.

அவள் கேட்டதும் எனக்கும் அந்த முதல் நாள் திகைப்பு திரும்பி வந்தது.

"அவருக்குக் கழுத்துக்குக் கீழ ஒரு முள்ளு எடப்பக்கமா சாஞ்சிருக்கும் டாக்டரம்மா. கெணத்துக்குள்ளருந்து மண்ண அள்ளி வீசறப்ப டக்குன்னு சத்தம் கேட்டுச்சாம். நான்தான் தெனம் எண்ண தேச்சு வுட்டேன்."

பிரவீணா ஒரு எலும்பைக் காட்டினார். "இதுலயும் ஒடஞ்சு கூடி, எடப்பக்கமாத்தான் சாஞ்சிருக்கு. ஆனா மண்ணு வீசற யாருக்கும் இது வரும்மா. சதையே இழுத்து இழுத்து முள்ள ஒடச்சிடும். இத வெச்சு அவருதான்னு என்னால எழுத முடியாது."

(ரத்த சொந்தத்தோடு ஒப்பிடும் டி.என்.ஏ. பரிசோதனை இல்லையா என்பீர்கள். செல்லப்பனுக்குப் பிள்ளையில்லை, பெற்றவர்களும் கூடப் பிறந்தவர்களும் இல்லை. நான்தான் வைக்கவில்லை. கதைக்காரனின் அயோக்கியத்தனம்.)

மலர்க்கொடி கையை நீட்டினாள். உடனே இழுத்துக்கொண்டாள்.

"மேல ஒரு துணியப் போடுங்க. நான் எலும்பத் தொட்டதில்லீங்க. முதுவத்தான் தொட்டிருக்கேன்."

பிரவீணா இதை எதிர்பார்க்கவில்லை. நானும்தான். மெல்லிய வெள்ளைத் துணியொன்றைத் தட்டின் மேல் போர்த்தினார். துணிக்கு அடியில் யாரோ குப்புறப் படுத்திருப்பது தெரிந்தது.

4

மலர்க்கொடி உடனே தொடவில்லை.

"இது அவருன்னா செத்துட்டாரு. ஆனா என்னைய வுட்டுட்டுப் போவல. அவரு இல்லன்னா எங்கயோ உசுரோட இருக்காரு. ஆனா என்னைய வுட்டுட்டுப் போயிட்டாரு. சாமிகிட்ட எதைன்னு கேக்கறது, சொல்லுங்க?"

பிரவீணா துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

முதல் முடிவு: அவள் விரல் ஓரிடத்தில் நிற்கிறது. "அவருதாங்க" என்று தட்டின் மேல் கவிழ்ந்து—

இரண்டாம் முடிவு: கையை எடுத்துக்கொண்டு, "இல்லீங்க" என்கிறாள். சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம்—

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் பொய் சொல்கிறேன். அந்த விரலுக்கு என்ன தெரியும் என்று எழுத, ஒரு முதுகையாவது அவள் தொட்ட மாதிரி தொட்டிருக்க வேண்டும். நான் எலும்பைப் பார்த்தவன் மட்டும்தான்.

நீங்கள் தொட்டிருக்கலாம். பக்கத்தில் உங்கள் ஆள் யாராவது இருந்தால் தலையைக் குனியச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, பிடரிக்குக் கீழே துருத்தும் அந்த எலும்பில் விரலை வையுங்கள். மலர்க்கொடியின் விரலும், துணிக்கு மேலே, அங்கேதான் இருக்கிறது. இன்னும் இறங்கவில்லை.