நல்லசிவத்தின் படம் போன இடம்

2003ஆம் ஆண்டு மார்ச் பதினோராம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை, ஒஸ்லோவின் வடகிழக்கே அம்மருட் ரயில் நிலையத்தில் நல்லசிவத்தின் வங்கி அட்டையில் இருந்த படம் கண்ணை மூடிக்கொண்டது. வெளியே மைனஸ் ஆறு பாகை. நல்லசிவத்துக்கு நாற்பத்து மூன்று வயது, பாண் தொழிற்சாலையில் மாக் குழைக்கும் இயந்திரத்தில் வேலை. படிக்கட்டின் அடியில் நின்ற சீருடைக்காரர் இருவர் அட்டையை வாங்கி, படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பைக்குள் வைக்கும்போதுதான் அவர் கவனித்தார். ஏதோ தூசி என்று பெருவிரலால் துடைத்துப் பார்த்தார். தூசி இல்லை, இமைதான். ரயில் வந்துவிட்டதால் ஏறிப் போய்விட்டார்.

அந்த நாட்டில் அப்போது வங்கி அட்டையின் பின்பக்கத்தில் ஆளின் படமும் பிறந்த திகதியும் இருக்கும். எங்கே போனாலும் அதுதான் ஒருவருடைய அடையாளம். அந்தச் சீருடைக்காரர் எந்தத் துறையைச் சேர்ந்தவர்கள் என்று இங்கே எழுத முடியவில்லை, அவர்கள் சொன்னதுமில்லை, எங்கள் தமிழ் ஆட்கள் கேட்டதுமில்லை. பொய் அட்டைகள் உலாவுகின்றன, அதனால் சும்மா ஒரு சோதனை என்று மட்டும் சொல்வார்கள். ரயிலால் இறங்கும் நூறு பேரில் கறுத்த தலைமயிர் உள்ள முப்பது பேரை மறிப்பார்கள். மற்ற எழுபது பேரும் காலநிலையைப் பற்றிக் கதைத்தபடி போய்விடுவார்கள். சும்மா நடக்கிற சோதனை எப்படி இவ்வளவு சரியாக ஆள் பார்த்து நடக்கிறது என்று கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

எல்லோரையும்விட நல்லசிவத்தை அதிகம் மறித்ததற்கு அவரும் ஒரு காரணம். கேட்கும் முன்பே அட்டையை எடுத்து நீட்டிவிடுவார். 1986இல் கொழும்பில் எட்டு மாதம் இருந்தபோது பிடித்த பழக்கம் அது. அங்கே கை சட்டைப் பைக்குப் போகக் கொஞ்சம் பிந்தினாலும் அடி விழும். ஒஸ்லோவுக்கு வந்து பதினாறு வருடம் ஆன பிறகும் சீருடை கண்ட இடமெல்லாம் கை தானாகப் போனது. தபால்காரருக்குக் காட்டியிருக்கிறார், ரயில் ஓட்டுநருக்குக் காட்டியிருக்கிறார். ஒரு நத்தாருக்குத் தெருவில் தொப்பி போட்டுக் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிய குழுவுக்குக்கூடக் காட்டியிருக்கிறார். அவர்கள் பாட்டை நிறுத்தி அட்டையைப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லிக் கொடுத்தார்களாம்.

படம் கண்ணோடு நிற்கவில்லை. மே மாதத்தில் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பியது. ஜூன் முடிவதற்குள் முழுதாகத் திரும்பிவிட்டது. உச்சியில் மயிர் உதிர்ந்து இவ்வளவு வெளித்துவிட்டது என்று நல்லசிவம் அப்போதுதான் அறிந்தார். செப்டம்பர் நான்காம் திகதி படம் இல்லை. ஆளுக்குப் பின்னால் தொங்கிய நீலத் திரை மட்டும் சுருக்கம் விழாமல் இருந்தது. வங்கி புது அட்டை கொடுத்தது, புதுப் படமும் மூன்று கிழமையில் போய்விட்டது. போகட்டும் என்று விடலாம்தான், ஆனால் அதே மாதம் குடிவரவு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. அவர் மனைவி பிரபாவதியை அழைப்பதற்கான விண்ணப்பம் பற்றிய விசாரணை வரும் பெப்ரவரியில், படமுள்ள செல்லுபடியான அட்டையைக் கொண்டுவரவும், இல்லாவிட்டால் கோப்பு மூடப்படும் என்று எழுதியிருந்தது.

பிரபாவதி யாழ்ப்பாணத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தவர். சண்டை ஓய்ந்து, மூடிக் கிடந்த பாதையைத் திறந்த வருடம் நல்லசிவம் ஊருக்குப் போய் அவரைக் கட்டினார். மாப்பிள்ளைக்கு நாற்பத்திரண்டு, பெண்ணுக்கு முப்பத்தேழு. பத்தொன்பது நாள் ஒன்றாக இருந்தார்கள். நல்லசிவத்துக்கு அதற்கு முன்பு அப்படிப்பட்ட நாட்கள் வாய்த்ததில்லை. இவ்வளவு பிந்தி ஏன் கலியாணம், உண்மையான கலியாணம்தானா என்று அலுவலகம் அன்றிலிருந்து சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தது.

சந்தேகப்படுவதில் எங்கள் ஆட்களும் இளைத்தவர்கள் இல்லை. நல்லசிவத்தோடு ஒரே அடுக்குமாடி வீட்டில் வாடகையைப் பகிர்ந்து இருந்த லோறன்ஸ்தான் கதையை முதலில் கிளப்பினார். ஒருவருடைய பாஸ்போட்டில் இன்னொருவருடைய படத்தை ஒட்டுவதை எங்கள் ஆட்கள் தலை மாற்றுவது என்பார்கள். அந்த வழியால் வந்தவர்கள் அம்மருட்டில் பலர், அதனால் அந்தக் குற்றச்சாட்டு உடனே ஒட்டிக்கொள்ளும்.

“சிவம், உண்மையைச் சொல்லு. அட்டையை ஆருக்கோ தலை மாத்தக் குடுத்திட்டாய், என்ன?” என்று லோறன்ஸ் கேட்டார்.

“என்ர தலையை ஆர் கேக்கிறாங்கள்?” என்றார் நல்லசிவம். அந்த மறுமொழியை லோறன்ஸ் எல்லா மாடிக்கும் கொண்டுபோய், ஒத்துக்கொண்டான் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நல்லசிவம் வந்தால் மின்தூக்கியில் கதை நின்றுவிடும். எவரோ அவரைச் சீருடைக்காரரின் உளவாளி என்றும் சொன்னார்கள். உளவாளிக்கு ஏன் படம் போக வேண்டும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

ஐந்தாம் மாடியில் நிவேதிதா என்று ஒரு கோயம்புத்தூர்ப் பெண் இருந்தாள், ஆய்வுகூடத்தில் காற்றின் மாசை அளப்பவள். தன் விசா வேறு வகை, தன்னை மறிக்க மாட்டார்கள் என்று நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் உரக்கவே சொல்லியும் வந்தாள். ஒக்டோபரில் ஒரே கிழமையில் அவளை மூன்று தடவை மறித்தார்கள். மூன்றாம் தடவை அவள் படம் கண்ணை மூடியது. அன்று மாலையே அவள் நல்லசிவத்தின் கதவைத் தட்டினாள்.

“அண்ணா, நீங்க ஏன் கேக்கறதுக்கு முன்னாடியே எடுத்துக் காட்டறீங்க? அப்படி எந்தச் சட்டமும் இல்லியே.”

“சட்டம் என்ர கைக்குத் தெரியாது, தங்கச்சி,” என்றார் அவர்.

நவம்பரில் ஒரு ஞாயிறு பின்னேரம் கட்டடத்தின் கீழ்த்தளத்துச் சலவை அறையில், சோதனையைப் பற்றிக் கதைக்க, கூட்டம் கூடியது. பொது மண்டபம் எடுக்க வேண்டுமென்றால் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கு எவரும் தயாரில்லை. நிவேதிதா வந்தது பலருக்குப் பிடிக்கவில்லை. இந்தியாக்காரிக்கு எங்கள் சலவை அறையில் என்ன வேலை என்று காதுக்குள் கதைத்தார்கள். அவளோ எல்லோருடைய அட்டையையும் பார்க்க வேண்டும் என்றாள். நாற்பத்தேழு பேர் நாற்பத்தேழு அட்டைகளை, துணி மடிக்கும் நீள மேசையில், படம் கீழே இருக்கும்படி வைத்தார்கள். முதலில் யார் புரட்டுவது என்பதில் முக்கால் மணித்தியாலம் போனது. உலர்த்தும் இயந்திரத்தில் யாருடைய உடுப்போ சுற்றி முடிந்து, அதை எடுக்கவும் ஆளில்லை. கடைசியில் நல்லசிவம் தன்னுடையதைப் புரட்டினார். நீலத் திரை. பிறகு நிவேதிதா. அவளுடைய படம் அதற்குள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பிறகு ஒவ்வொன்றாக எல்லோரும் புரட்டினார்கள். முப்பத்தொன்பது அட்டையில் ஆள் இல்லை, ஏழில் பிடரி. லோறன்ஸின் அட்டையில் மட்டும் மீசையோடு முகம் இருந்தது. நிவேதிதா அதைத் தொட்டபோது முகம் கழன்று விரலோடு வந்தது. அவருடைய படம் பெப்ரவரியிலேயே, நல்லசிவத்தின் படம் கண்ணை மூடுவதற்கு முன்பே போய்விட்டது. ஞானஸ்நான விழா அல்பத்தில் இருந்து வெட்டி ஒட்டியிருந்தார். அந்த அறையில் அட்டைக்குத் தலை மாற்றியவர் அவர் ஒருவர்தான். எவரும் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. எல்லோருக்கும் வெட்கமாக இருந்தது.

படங்களுக்கு இருக்கிற ரோசம் எங்களுக்கு இல்லையே என்று யாரோ சொன்னார்கள். என்ன செய்வது என்று கேட்டபோது நல்லசிவம் எழுந்தார்.

“எனக்குத் தெரிஞ்சது எடுத்துக் காட்டுறது மட்டுந்தான். எல்லாருமாப் போய்க் காட்டுவம்.”

சோதித்தால் யார் சோதித்தது, ஏன் மறித்தது என்று ஒரு துண்டில் எழுதித் தரச் சொல்ல வேண்டும் என்றாள் நிவேதிதா. அன்று மாலை லோறன்ஸ், முதல் தடவையாக உண்மையான அக்கறையோடு, நல்லசிவத்தைத் தடுத்தார். பெப்ரவரியில் விசாரணை இருக்கிறது, பெயர் அடிபட்டால் பிரபாவதி வந்தமாதிரித்தான் என்றார். நல்லசிவம் அன்று சாப்பிடவில்லை. அவர் பயந்தவர், அதை எவருக்கும் மறைத்ததும் இல்லை.

2004 ஜனவரி பன்னிரண்டாம் திகதி, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, அம்மருட் நிலையத்தில் அறுபது பேர் சீருடைக்காரருக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் நல்லசிவம். வெற்று அட்டையை நீட்டி, பார்க்கச் சொன்னார், பிறகு துண்டு கேட்டார். படம் எங்கே என்று அவர்கள் கேட்டார்கள். உங்களிடம்தான் கேட்க வேண்டும், கடைசியாகப் பார்த்தவர்கள் நீங்கள்தானே என்று அவர் நொர்வேஜிய மொழியில் சொன்னார். பதினாறு வருடத்தில் அவர் அந்த மொழியில் பேசிய மிக நீளமான வசனம் அது. ஒரு ஆளுக்கு நாலு நிமிடம் போனது. சோதனை முடிந்தவர்கள் வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி நின்றார்கள். இரண்டாம் கிழமை சோமாலியக் குடும்பங்களும் பாக்கிஸ்தானியரும் வந்தார்கள், அவர்களுடைய அட்டைகளும் வெறுமைதான். நாலாம் மாடி நொர்வேஜியக் கிழவர் ஒருவரும் வந்து நின்றார். அவருடைய அட்டையை மட்டும் அவர்கள் வாங்க மறுத்தார்கள். தன்னை ஏன் சோதிக்கவில்லை என்று கோபப்பட்டு அவர் நாலு நாள் தொடர்ந்து வந்தார், நாலு நாளும் வாங்கவில்லை. அவர் அந்தக் கட்டடத்துக்கு வந்து முப்பது வருடம். ஆள் பார்த்து மறிப்பதை அப்போதுதான் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னார்.

பெப்ரவரி இரண்டாம் திகதி சீருடைக்காரர் வரவில்லை, மூன்றாம் திகதியும் இல்லை. மன்னிப்பும் இல்லை, அறிவித்தலும் இல்லை. எவருக்கும் துண்டு கிடைக்கவில்லை. அடுத்த நிலையத்துக்குப் போயிருப்பார்கள் என்று எங்கள் ஆட்கள் சந்தேகப்பட்டு இரண்டு பேரை அனுப்பிப் பார்த்தார்கள். அங்கும் இல்லை.

விசாரணைக்கு நல்லசிவம் வெற்று அட்டையோடுதான் போனார். படம் எங்கே என்ற கேள்விக்குப் போய்விட்டது என்றார். எங்கே என்றதற்குத் தெரியாது என்றார். மனைவி கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பவர் என்று கேட்டார்கள். சுவர்ப் பக்கம் என்றார். அதே கேள்வியைக் கொழும்புத் தூதரகத்தில் பிரபாவதியிடம் கேட்டார்கள், அவர் யன்னல் பக்கம் என்றார். யன்னல் அந்தச் சுவரில்தான் இருந்தது, ஆனால் அதை இரண்டு பேரிடமும் எவரும் கேட்கவில்லை. முரண்பாடு என்று எழுதிக் கோப்பை ஓரமாக வைத்துவிட்டார்கள்.

ஏப்ரலில் பனி கரைந்தபோது படங்கள் திரும்பி வரத் தொடங்கின. நிவேதிதாவின் படம் முதலில் முகத்தைத் திருப்பியது. லோறன்ஸின் படம் மீசையை எடுத்துவிட்டு வந்தது, அதனால் அவரும் எடுக்க வேண்டியதாயிற்று. மே முடிவில் நாற்பத்தாறு பேருக்கும் முகம் இருந்தது. நல்லசிவத்தின் படம் மட்டும் வரவில்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அட்டையை எடுத்துப் பார்ப்பார். எல்லோருக்காகவும் முன்னுக்கு நின்றவருக்கு இப்படியா என்று லோறன்ஸ் சமையலறையில் அழுதார். மற்றச் சிலர், அப்படியானால் அதில் ஏதோ இருக்கிறது என்று பழைய கதையை மறுபடி எடுத்தார்கள்.

ஜூன் மாதம் பிரபாவதியை இறுதி மறுமொழிக்காகக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். மறுமொழி என்னவென்று அவருக்குத் தெரியும். பஸ்ஸில் வரும் வழியில் ஒரு சோதனைச்சாவடியில் பாஸ்போட்டை நீட்டினார். படைச்சிப்பாய் அதை நெடுநேரம் பார்த்து, இது யார் என்று கேட்டான். அப்போதுதான் அவரும் பார்த்தார். அவருடைய படத்துக்கு அருகில், தோள் முட்ட, நல்லசிவம் நின்றுகொண்டிருந்தார். கொழும்பில் இறங்கியதும் ஒஸ்லோவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

“இஞ்சேருங்கோ, உங்கட படம் என்னட்டை வந்து நிக்குது.”

“கண் மூடியிருக்கோ?” என்று நல்லசிவம் கேட்டார்.

“இல்லை. முழிச்சுக்கொண்டுதான் நிக்குது. நல்லா மெலிஞ்சு போச்சு.”

தூதரகத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள், பிறகு ஆய்வுக்கு அனுப்பினார்கள். பசை இல்லை, வெட்டு இல்லை, இரண்டு தலையும் ஒரே படம் என்று ஏழு கிழமை கழித்து அறிக்கை வந்தது. கோப்பைக் கையாண்டவர் வேறு வழியில்லாமல், தம்பதியர் சேர்ந்து வாழ்வது ஆவணத்தால் உறுதிப்படுகிறது என்று எழுதி முத்திரை குத்தினார்.

பிரபாவதி செப்டம்பரில் வந்து சேர்ந்தார். வந்த கிழமையே லோறன்ஸ் பாஸ்போட்டை வாங்கி, யன்னலடியில் பிடித்து, ஒட்டியிருக்கிறதா என்று விளிம்பைச் சுரண்டப் போனார். பிரபாவதி அவர் கையில் ஒன்று போட்டார்.

“நகத்தாலை சுரண்டாதையுங்கோ, அண்ணை. அவருக்கு நோகும்.”

பக்கத்துக் கதிரையில் இருந்த நல்லசிவம் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

அவருடைய வங்கி அட்டையில் இன்றுவரை நீலத் திரைதான். வங்கி ஐந்து தடவை புதுப் படம் எடுத்துவிட்டுக் கைவிட்டுவிட்டது. பொதி எடுக்கத் தபால் நிலையத்துக்குப் போனால் பிரபாவதியும் கூடப் போவார். அவர் தன் பாஸ்போட்டைத் திறந்து காட்டுவார், மேசைப் பெண் படத்தையும் ஆளையும் ஒருமுறை பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு பொதியைக் கொடுத்துவிடுவாள். தனியாகப் போனால் தான் யாரென்று காட்ட நல்லசிவத்திடம் ஒன்றும் இல்லை. அவர் தனியாகப் போவதில்லை.