பதினேழு அங்குலம்

எங்கள் மலையூரில் அக்டோபரில் காருக்குப் பனிக்காலச் சக்கரம் மாட்டுவார்கள், ஈஸ்டருக்குக் கழற்றுவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. நவம்பர் பாதி தாண்டியும் கோடை டயரோடு நின்ற கார் ஊரிலேயே ஒன்றுதான். அது என்னுடையது.

ரொட்டிக் கடைக்குப் போனால்கூட விடமாட்டார்கள். "என்ன கிலியன், இந்த வருஷம் பனிக்கு லீவு குடுத்துட்டியா?"

சிரித்து வைப்பேன். என் மனைவி ரெசிக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. பள்ளத்தாக்கில் இருந்த பிரசவப் பிரிவை மூடி நாலு வருடம் ஆகிறது. வலி வந்தால் கணவாயைத் தாண்டி ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் போக வேண்டும். ஆம்புலன்ஸும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

அந்தக் கணவாயை எனக்குத் தெரியும். இரண்டு வருடம் முன்பு, மார்ச் மாதம், நாலு நாள் வெயில் அடித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. ஈஸ்டருக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போதே பளபளவென்ற பத்தொன்பது அங்குலக் கோடைச் சக்கரங்களை மாட்டிவிட்டேன். ஐந்தாம் நாள் பனி கொட்டியது. அன்றைக்குத்தான் ரெசி, ஏழு மாத வயிற்றோடு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். மூன்றாவது வளைவில் கார் வழுக்கிப் பள்ளத்தில் மூக்கை வைத்தது. டிராக்டர் வந்து இழுக்க ஒரு மணி நேரம். குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. அந்த ஒரு மணி நேரத்தால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். நல்ல மனிதர், அப்படித்தான் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய பனிச் சக்கரங்களும் பத்தொன்பதுதான், பார்க்கவே பிடிக்காமல் விற்றேன். போன குளிர்காலம் கம்பெனி வேனில் கழிந்தது. இந்த வருடம் வேனைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது கல்யாணத்துக்கு முன் ஆசைப்பட்டு வாங்கிய இந்தக் கார்தான். பார்க்க நாலு கதவுக் குடும்பக் கார், உள்ளே பந்தயக் காரின் எஞ்சின். போதாததற்குப் பெரிய பிரேக் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தேன்.

என்ன அளவு போடுவது என்பதில்தான் ஆறு வாரம் போனது. அங்குலம் என்பது உள்ளே இருக்கும் உலோக வளையத்தின், அதாவது ரிம்மின் அளவு; ரிம் சின்னதானால் ரப்பர் உயரும், பிரேக்குக்கு இடம் குறையும். பத்தொன்பதில் ரப்பர் நாலு விரல் உயரம்தான், அதுவும் அகலம். பனியில் பலகை மாதிரி மிதக்கும். டயர் கடைக்காரர் பதினெட்டு என்றார். "கண்ண மூடிக்கிட்டு மாட்டலாம். பதினேழுக்கு ஆசப்பட்டா உன் பிரேக் இடிக்குமான்னு நீயே அளந்து பாத்துக்க."

பதினெட்டே போதும் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. பதினேழில் ரப்பர் இன்னும் உயரமாயிற்றே, கல்லோ குழியோ எது வந்தாலும் தாங்குமே என்று புரண்டேன்.

"தொட்டில்ல இன்னும் ஒரு ஸ்குரூகூட மாட்டல," என்றாள் ரெசி. "குழந்தையையும் டயர்லயே படுக்க வெச்சிடலாமா?"

நான் சிரிக்கவில்லை. என் பிரேக்கின் கேலிப்பர், அதாவது சக்கரத்தோடு சுழலும் தட்டைக் கவ்விப் பிடிக்கும் அந்த இரும்புக் கட்டை, அதன் முழு அளவுப் படம் இணையத்தில் கிடைத்தது. அச்செடுத்து, அட்டையில் ஒட்டி, வெட்டினேன். பக்கத்து ஊரில் ஒருவர் பனி டயரோடு பழைய பதினேழு அங்குலச் சக்கரங்கள் நாலு விற்பனைக்கு வைத்திருந்தார். ரிம்மின் உள்ளே அட்டையை வைத்துச் சுற்றிப் பார்த்தேன். நாலு மில்லிமீட்டர் இடைவெளி. மூன்று போதும் என்று படத்தில் போட்டிருந்தது. விலைக்கு வாங்கி, காரில் ஏற்றிக்கொண்டு வந்து, எது எந்தப் பக்கம் என்று சாக்கட்டியால் எழுதி, சனிக்கிழமை மாட்டிக்கொள்ளலாம் என்று அடுக்கினேன்.

பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

சனிக்கிழமை விடிந்தபோது வாசல் வெளேர் என்றிருந்தது. பனி நிற்கவே இல்லை. காரேஜில் பின்சக்கரம் இரண்டும் சமர்த்தாக உட்கார்ந்தன. முன்னால் இடது பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, பதினேழு அங்குலச் சக்கரத்தை வைத்துத் தள்ளினேன். கிர் என்று ஒரு சத்தம். சக்கரம் உள்ளே போகவில்லை. இன்னும் அழுத்தினேன். ரிம் கேலிப்பரில் முட்டிக்கொண்டு நின்றது.

அதே நேரம் சமையலறைக் கதவு திறந்தது. "கிலியன், பனிக்குடம் உடஞ்சிருச்சு," என்றாள் ரெசி. காப்பி ஆறிவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னாள்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த நேரத்தில் நான் அட்டையை எடுத்து அளந்தேன். ஓரத்தில் ஒரு கோடு போட்டு, 'இது பத்து சென்டிமீட்டர் இருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தது. ஒன்பது புள்ளி ஏழு இருந்தது. காகிதத்தில் ஓரம் விடுவதற்காக பிரிண்டர் படத்தைத் தானாகச் சுருக்கியிருக்கிறது. பத்து சென்டிமீட்டருக்கு மூன்று மில்லிமீட்டர் என்றால், இருபது சென்டிமீட்டர் படத்துக்கு ஆறு. நான் பல்சக்கரத் தொழிற்சாலையில் அளவு பார்க்கிறவன். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தப்பினால் பெட்டியையே திருப்பி அனுப்புகிறவன். அந்த ஒரு கோட்டை மட்டும் அளக்கவில்லை.

சிமெண்ட் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "மறுபடியும் நான்தான்," என்றேன். "மறுபடியும் நானே கொல்லப்போறேன்."

ரெசி சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு வலி அடங்கும்வரை நின்றாள். பிறகு சொன்னாள். "தபால் ஹெட்விக்குக்குப் போன் பண்ணிட்டேன். வந்துட்டிருக்காங்க. அதுக்குள்ள ஒண்ணு சொல்றேன், கேளு. அன்னிக்கு நாம கார்ல ஏறும்போதே வயித்துல அது அசையல."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"முந்தின நாள் சாயங்காலத்துலேருந்தே அசையல. தூங்குதுன்னு நெனச்சு நானும் படுத்துட்டேன், கிலியன். காலைல எழுந்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் ஆஸ்பத்திரி போலாம்னேன்."

"ரெண்டு வருஷமா..."

"நீ டயரத் திட்டிட்டே இருந்த. எனக்கும் அது வசதியா இருந்துச்சு. டயரத் திட்டுற வரைக்கும் யாரும் என்னக் கேக்கமாட்டாங்கல்ல? அப்புறம் சொல்லலாம்னா வாய் வரல."

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. இரண்டு வருடம் ஒவ்வொரு ராத்திரியும் அந்த வளைவில் நான் வழுக்கிக்கொண்டே இருந்தேனே, பக்கத்தில் படுத்திருந்தவளுக்குக் கேட்கவில்லையா? ஸ்பானரைத் தூக்கி எறிந்தேன். அது கோடைச் சக்கரத்தில் பட்டு உருண்டது. ரெசியின் முகத்தைப் பார்த்த பிறகுதான், அவளும் ஒரு ராத்திரியில் மாட்டிக்கொண்டு கிடந்திருக்கிறாள் என்பது எனக்கு உறைத்தது. தூங்குகிறது என்று நினைத்துத் தூங்கிய ராத்திரி.

வெளியே ஹாரன் அடித்தது. ஹெட்விக் எங்கள் ஊருக்குத் தபால் கொண்டுவருகிறவர். இருபது வருடமாக அதே துருப்பிடித்த சின்னக் கார். சைக்கிள் டயர் போட்டிருக்கிறீர்களா என்று நான் கேலி செய்யாத வருடம் கிடையாது. பதின்மூன்று அங்குலம், ஒல்லியான டயர்.

ஜாக்கியில் தொங்கிய என் காரை எட்டிப் பார்த்தார். "பந்தயத்துக்கு இன்னும் கெளம்பலயா தம்பி? பின்னாடி ஏறு. கடுதாசிப் பையக் காலால தள்ளிக்க."

ரெசியை ஏற்றி, பக்கத்தில் ஒடுங்கினேன். கார் இருமிக்கொண்டு மேட்டில் ஏறியது. முதல் வளைவுக்கு முன்னால் நான் முன்சீட்டை இறுகப் பிடித்தேன்.

"சக்கரத்த விடு," என்றாள் ரெசி. என் கையைப் பிடுங்கி, கோட்டுக்குள் நுழைத்து, வயிற்றில் வைத்து அழுத்தினாள். "இங்க பாத்துக்க. இந்தத் தடவ நீயும் பாத்துக்க. நான் தனியாப் பாக்கமாட்டேன்."

உள்ளங்கைக்கு அடியில் ஒன்றும் இல்லை. மூச்சைப் பிடித்தேன். வயிறு கல்லாக இறுகியது, அவள் முனகினாள், தளர்ந்தது. அப்போதும் இல்லை. அதுவரை பட்ட பயமெல்லாம் ஒரு பயமா என்று இருந்தது.

"ரெசி, அசையல."

"இரு. வலி வந்தா சும்மா இருக்கும். இரு."

இருந்தேன். பிறகு விரல்களுக்கு நடுவே ஒரு முட்டு. சின்னதுதான், கோபக்கார முட்டு. உடனே இன்னொன்று. எண்ணத் தொடங்கினேன். ஒவ்வொரு வலிக்கும் அது நின்றது, என் உயிரும் நின்றது, மறுபடி உதைத்ததும் இரண்டு பேரும் சேர்ந்து மூச்சு விட்டோம். இருபத்து மூன்று வரை கணக்கு நினைவிருக்கிறது.

"மூணாவது வளைவு வந்தா சொல்லுங்க ஹெட்விக்," என்றேன் தலையைத் தூக்காமல்.

"அது போய் ஒரு மணி நேரமாச்சு," என்றார் அவர். "ஆஸ்பத்திரி வந்திருச்சு, எறங்குங்க."