சக்களத்திக்கு இரண்டு பேட்டரி

என் அக்காவுக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். உள்ளங்கை அகலம், சாம்பல் நிறம், விலாவில் ஒரு குச்சி செருகியிருக்கும். கையடக்கக் கணினி என்பார் அத்தான். "எந்நேரமும் அவ கையைத்தான் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு, வேற என்னன்னு சொல்ல?" என்பாள் அக்கா. போன் என்றால் பேசுவதற்கு மட்டும் என்றிருந்த காலம் அது. முழு வேதாகமத்தையும் அந்தச் சின்ன டப்பாவுக்குள் அடக்கி, ஒரு சொல்லைக் கேட்டால் அது வரும் இடங்களையெல்லாம் கொண்டுவந்து கொட்டும் மென்பொருள் ஒன்றை அத்தான் எங்கிருந்தோ பிடித்திருந்தார். தமிழ் அதில் ஒழுங்காக வராது. கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று எழுத்துகள் சண்டை போட்டுக்கொண்டு நிற்கும். அவர் அதையும் பழகிக்கொண்டார்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். உதிரிபாகம் வந்துசேரும் வரை லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து, குச்சியால் தட்டித் தட்டிப் படிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் வேதபாடம் வாசிப்பவரும் அவர்தான். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். அதனால் அவர் பார்வை குறைவது முதலில் எனக்குத்தான் தெரிந்தது. பவரை ஏற்றி ஏற்றிப் பார்த்தேன். கடைசியில் என் கடை லென்ஸ்களெல்லாம் கையை விரித்துவிட்டன. நரம்பு கெடுகிறது, போனது திரும்பாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அத்தான் அச்சுப் புத்தகத்தை விட்டுவிட்டுச் சக்களத்தியோடு மேடை ஏறினார். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனதில், திரையில் மூன்று வார்த்தைக்குத்தான் இடமிருந்தது. மூன்று வார்த்தை வாசிப்பார். கட்டைவிரலால் பொத்தானைத் தட்டுவார். அடுத்த மூன்று. காணாமற்போன ஆட்டின் கதையை வாசித்த அன்று, "ஆடு கிடைக்கறதுக்குள்ள வீட்டுல சோறு ஆறிடும்" என்று சபையார் முணுமுணுத்தார்கள். 'மூணு வார்த்தை ஐயா' என்று பெயரே விழுந்தது. போகப் போக அதுவே எல்லோருக்கும் பிடித்துப்போனது. நூறு தடவை கேட்ட கதைதான். ஆனாலும் அவர் பொத்தானைத் தட்டும் நேரத்தில், ஐயோ அந்த ஆடு கிடைக்குமா என்று எனக்குப் பதைக்கும். அப்படி எவர் வாசித்தும் நான் கேட்டதில்லை.

சக்களத்திக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. பேட்டரி தீர்ந்தால் ஒரு நிமிடத்துக்குள் மாற்றிவிட வேண்டும். பிந்தினால் வேதம், அத்தான் வைத்த அடையாளங்கள் என்று சகலத்தையும் மறந்துவிடுவாள். அதனால் எனக்கும் சபையில் ஓர் ஊழியம் கிடைத்தது. சட்டைப்பையில் இரண்டு பேட்டரியோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அத்தான் நடுவில் நின்றுபோனால் மேடையேறி, பின்மூடியைக் கழற்றி மாற்றுவேன்.

"மாத்திட்டியா மச்சான்?"

"மாத்திட்டேன் அத்தான்."

மைக்கில் ஊருக்கே கேட்கும். "சக்களத்திக்குப் பசி வந்துடுச்சு" என்று பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா குரல் கொடுப்பாள். போதகரும் சிரித்துவிடுவார். அந்த ஞாயிறுகளை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைந்துபோகிறது.

பிறகு ஒருநாள் சக்களத்தியின் திரை கருத்துப்போனது. எந்தப் பேட்டரிக்கும் அவள் எழுந்திருக்கவில்லை. அத்தானுக்கு மிச்சமிருந்த பார்வையும் போய்விட்டது. அவர் வீட்டு வாசலைத் தாண்டுவதை நிறுத்திக்கொண்டார்.

போன மாதம் போதகர் வீட்டுக்கு வந்தார். ஆலயத்தை இடித்துக் கட்டப்போகிறார்களாம். பழைய கட்டடத்தின் கடைசி ஆராதனையில் அத்தான்தான் பாடம் வாசிக்க வேண்டுமென்று சபை ஆசைப்படுகிறதாம்.

"கண்ணு தெரியாதவனைக் கூப்பிட்டு வாசின்னா எப்படிங்க ஐயா?" என்று அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் அக்கா என் கடைக்கு வந்து அழுதாள். "இதையும் விட்டா இனிமே அவர் வெளியவே வரமாட்டாருடா தம்பி. ஏதாவது செய்யேன்."

என் போனில் வேதம் வாசித்துக் காட்டும் ஆப் ஒன்றை ஏற்றிக்கொண்டு போனேன். அத்தான் காதில் இயர்போனைச் செருகி, கேட்பதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள் என்றேன். ஆட்டின் கதைதான். கொஞ்ச நேரத்தில் பிடுங்கி எறிந்தார்.

"இவன் மூச்சே விடமாட்டானா? கதை சொல்றானா, ரயில் வர்ற நேரம் சொல்றானா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்களுக்குன்னு தனியா மூணு மூணா பிச்சிப் போடச் சொல்லட்டுமா?" என்று கத்திவிட்டு, எழுத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி, அவர் குரலிலேயே நக்கலாக மூன்று வார்த்தை வாசித்தேன். வாசித்துவிட்டு நிறுத்தினேன்.

நான் திரையைத் தள்ளுவதற்குள் அத்தான் அடுத்த மூன்றைச் சொல்லிவிட்டார். அதற்கடுத்த மூன்றையும். என் போன் வரிகளை வேறு மாதிரி உடைத்திருந்தது. அவர் சொன்னது சக்களத்தி உடைத்த கணக்கு. ஒவ்வொரு மூன்றுக்கும் அவர் கட்டைவிரல் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, சக்களத்தி எங்க?"

அலமாரியைத் திறந்தாள். கைக்குட்டையில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தாள். "தூக்கிப்போட மனசு வரலடா" என்றாள். செத்துப்போன அந்தப் பெட்டியை அத்தான் கையில் வைத்தேன். விரல் தானாகப் பொத்தானைத் தேடிப்போனது.

கடைசி ஆராதனை ஞாயிறன்று அத்தானை மேடையில் நிறுத்திவிட்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். பழைய பழக்கம் போலவே சக்களத்தியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். மூன்று வார்த்தை. தட்டு. மூன்று வார்த்தை. தட்டு. மேய்ப்பன் மந்தையை விட்டுவிட்டு ஆட்டைத் தேடிக் கிளம்பினான்.

அங்கே நின்றுவிட்டார். தட்டினார். மறுபடியும் தட்டினார். வரவில்லை. இந்த மனுஷன் இப்போது தலைகுனிந்து இறங்கினால் இனி எழுந்திருக்கவே மாட்டார் என்று பயந்தேன்.

எழுந்து மேடைக்குப் போனேன். தட்டிக்கொண்டே இருந்த அந்தக் கையைத் தாங்கிக்கொண்டு பின்மூடியைக் கழற்றினேன். காலிப் பையைத் துழாவினேன். அவசரப்படாமல் மூடியை மாட்டினேன். அவர் மூச்சு மெல்ல நிதானத்துக்கு வந்தது.

"மாத்திட்டியா மச்சான்?" மைக்கில் கேட்டது.

"மாத்திட்டேன் அத்தான்."

சபை சிரித்தது. "சக்களத்திக்குப் பசி" என்று ஆரம்பித்த அக்கா முடிக்காமல் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அத்தான் பொத்தானைத் தட்டினார். மூன்று மூன்று வார்த்தையாக ஆடு தோளில் ஏறி வீடு வந்து சேர்ந்தது.

என் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கும்போது காதருகே கேட்டார்: "ஏன்டா மச்சான், என்ன பேட்டரி போட்ட?"

"உள்ள ஒண்ணுமே இல்ல அத்தான்."

"அதான் தீரவே இல்ல" என்றார்.