மைதானத்தை மடித்து வைக்கும் அலுவலகம்

மைதானத்தை மடித்து பீரோவில் வைத்திருந்தார்கள். எங்களுக்கு நாலு மணிக்கு மேட்ச். வாங்கி வரப் போனேன்.

அலுவலகம் மூன்றாவது மாடியில் இருக்கிறது. மாவட்டத்தில் உள்ள எல்லா மைதானங்களும் அங்கேதான். நாலாக மடித்து, கொடிக்கம்பங்களைக் கழற்றி ஊக்கு போட்டு, அந்துருண்டை வைத்து அடுக்கியிருப்பார்கள். பையன்கள் அணிக்கு முழு மைதானம். பெண் பிள்ளைகள் அணிக்குக் கிழிந்தது எது இருக்கிறதோ அது. போன தடவை கொடுத்ததில் ஒரு கோல்போஸ்ட்தான் இருந்தது. இரண்டு அணியும் ஒரே பக்கம் உதைத்தோம்.

மைதானம் வேண்டுமென்றால் பயிற்சியாளர் ஒரு பயிற்சியை எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்குப் பகிர்வு என்று பெயர். எழுதிக் கொடுத்த பயிற்சி மற்ற பயிற்சியாளர்களுக்குப் போகும். நம் பிள்ளைகளின் கால்களிலிருந்து போய்விடும்.

இன்பராஜ் மாஸ்டர் ஜூன் மாதம் சுவர்ப் பயிற்சியைக் கொடுத்தார். பந்தைச் சுவரில் உதைத்து, திரும்பி வருவதை நிறுத்தாமல் மறுபடி உதைப்பது. எழுதிக் கொடுத்த மறுநாளிலிருந்து அவருடைய பையன்கள் உதைத்தால் பந்து சுவருக்குள் போய்விடுகிறது. சுவர் திருப்பித் தருவதில்லை. இதுவரை நாற்பத்தொரு பந்து போயிருக்கிறது.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு பயிற்சி. தண்ணி லாரி டிரில்.

பத்துப் பிள்ளைகள் இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு வரிசையில் நெருக்கி நிற்பார்கள். பதினோராவது பிள்ளை பந்தைக் காலில் வைத்துக்கொண்டு வரிசையின் கடைசியிலிருந்து முன்னால் வர வேண்டும். குடத்தால் இடிக்கலாம். இடுப்பால் இடிக்கலாம். கையை நீட்டக் கூடாது. பந்து போனால் மறுபடியும் கடைசி. எங்கள் பிள்ளைகள் இதை வைத்துத்தான் ஆடுகிறார்கள். வேறெதுவும் தெரியாது.

ஏற்கெனவே இரண்டு மேட்ச் மைதானம் கிடைக்காமல் போய்விட்டது. மூன்றாவதும் போனால் அணியின் பெயரை அழித்துவிடுவார்கள். அதோடு சேர்த்துப் பிள்ளைகளின் பெயர்களையும் அழிப்பார்கள். அப்புறம் ரோஸ்லினை அவள் அம்மா என்ன சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுவாள் என்று தெரியவில்லை.

கொடுத்தால் பயிற்சி போகும். கொடுக்காவிட்டால் பிள்ளைகளின் பெயர் போகும். அதனால் எழுதிக் கொண்டு போனேன்.

மேஜையில் வரதப்பன் சார் இருந்தார். கண்காணிப்பாளர். படிவத்தை மேலிருந்து கீழாகப் படித்தார். பிறகு கீழிருந்து மேலாகப் படித்தார்.

"ஏம்மா லோகேஸ்வரி, ஏழாவது கட்டம் காலியா இருக்கே."

ஏழாவது கட்டம்: இப்பயிற்சியை உமக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்?

"யாரும் கத்துக் குடுக்கல சார். நானே வச்சது."

"நானே வச்சதுன்னு எதுவும் கிடையாதும்மா. உங்கப்பா பிளேயரா?"

"ஹார்பர்ல மூட்டை தூக்குறாரு."

"எந்தக் காலால?"

"முதுகால சார்."

"அது கூடைப்பந்துல வரும்." அவர் கண்ணாடியைக் கழற்றி என் காலணியைப் பார்த்தார். "தாத்தா?"

"அவரும் மூட்டைதான்."

பையிலிருந்து முதல் பட்டதாரிச் சான்றிதழை எடுத்து வைத்தேன். லேமினேட் செய்தது. எங்கே போனாலும் எடுத்துப் போவேன். எங்கே போனாலும் கேட்பார்கள்.

"இது மண்டைக்குக் குடுத்தது. காலுக்குத் தனியா வாங்கணும்."

"எங்க சார்?"

"தாசில்தார்கிட்ட."

"இன்னைக்கே வாங்கிடலாமா?"

"காலுக்கு இன்னும் தாசில்தார் போடல."

கட்டத்தைக் காலியாக விட்டால் அது வளரும். எல்லா அலுவலகத்திலும் அப்படித்தான். நான் கல்லூரியில் சேர்ந்த அன்று 'தந்தையின் கல்வித் தகுதி' என்ற கட்டம் வளர்ந்து, எனக்குப் பின்னால் நின்ற மூன்று பேரை மூடிவிட்டது. அவர்கள் இரண்டாம் வருடம்தான் வெளியே வந்தார்கள். ஏழாவது கட்டமும் வளர ஆரம்பித்தது. மேஜை விளிம்பிலிருந்து வேட்டி மாதிரி தொங்கியது. தரையைத் தொட்டது. கதவுப் பக்கம் போனது.

"அத அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் வரதப்பன் சார். "செயல்முறை பாக்கணும். எல்லாரையும் கூப்பிடு."

தாழ்வாரத்தில் பதினோரு பயிற்சியாளர்கள் காத்திருந்தார்கள். போன வாரம் அந்தத் தாழ்வாரம் நாற்பது அடி இருந்தது. இப்போது கடைசியில் இருந்தவரைக் கூப்பிட போன் செய்ய வேண்டியிருந்தது.

அலுவலகத்தின் பத்துக் குடங்களைக் கொடுத்தார்கள். பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். சுந்தரவேலன் சார் டேப் வைத்து ஒருவருக்கொருவர் ஒரு மீட்டர் இடைவெளி அளந்தார். அவர் எப்போதும் வெள்ளைக் காலணி போடுவார். அவருடைய அப்பா பயிற்சியாளர். அப்பாவின் அப்பா பயிற்சியாளர். ஏழாவது கட்டத்தில் எழுத இடம் போதாமல் பின்பக்கமும் எழுதுவார்.

"நீ யார் ஸ்கூலும்மா?" என்று என்னைக் கேட்டார்.

"கார்ப்பரேஷன் ஸ்கூல் சார்."

"அது கேக்கல. யார் ஸ்கூல்?"

குடத்தைச் சரியாகப் பிடிக்கச் சொன்னேன்.

எல்லோரும் விசிலை வாயில் வைத்துக்கொண்டார்கள். பயிற்சி நடக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது சங்க விதி. இன்பராஜ் மாஸ்டர் பந்தோடு கடைசியில் நின்றார். வரதப்பன் சார் கையை அசைத்தார்.

இன்பராஜ் மாஸ்டர் நடந்தார். ஒருவரும் இடிக்கவில்லை. ஒருவர் வழிவிட்டு வணக்கம் வைத்தார். ஒன்பது நொடியில் முன்னால் வந்து நின்றார்.

"இதுல என்ன இருக்கு?" என்றார் சுந்தரவேலன் சார், விசிலை எடுத்துவிட்டு.

"ஒண்ணுமில்ல" என்றார் வரதப்பன் சார். 'பயனற்றது' என்று முத்திரை குத்தினார். பயனற்ற பயிற்சியை யாரிடமிருந்தும் எடுத்துக்கொள்ள முடியாது. படிவத்தை என்னிடமே கொடுத்துவிட்டார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. திட்டுவதை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

தண்ணீர் வரிசையில் யாரும் வாயை மூடிக்கொண்டு நிற்பதில்லை. எங்கள் பிள்ளைகளும் நிற்பதில்லை. திட்டிக்கொண்டேதான் இடிப்பார்கள். திட்டு எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதை வைத்துத்தான் எந்தப் பக்கம் திரும்புவது என்று பந்து வைத்திருப்பவளுக்குத் தெரியும். நான் வேண்டுமென்று மறைக்கவில்லை. எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. மூச்சு விடுவதை யாராவது எழுதுவார்களா?

பயிற்சி என்னிடமே இருந்தது. மைதானம் அவர்களிடமே இருந்தது. மணி மூன்றரை. கீழே இறங்கினேன்.

பிள்ளைகள் பதினோரு பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தார்கள். எதிரணியும் நடுவரும் மாடிப்படியில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டார்கள். ஏழாவது கட்டம் படிகளில் இறங்கி, வாசலைத் தாண்டி, பக்கத்துக் காலிமனை முழுவதும் பரவியிருந்தது. வெள்ளையாக, மேடுபள்ளம் இல்லாமல். ரோஸ்லின் அதன்மேல் ஏறி இரண்டு தடவை குதித்தாள்.

"கோச்சக்கா, தரை சூப்பரா கீது."

பந்தைப் போட்டுப் பார்த்தாள். முழங்கால் வரை எழும்பியது.

வரதப்பன் சார் ஜன்னலில் தலையை நீட்டினார். "ஏய், அது ஆபீஸ் பேப்பர்!"

"காலியாதானே சார் இருக்கு?"

அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நேரம் எடுத்துக்கொண்டார். நேர்மையான மனிதர்தான்.

"நிரப்பாத கட்டம் எங்களுது இல்ல" என்றார். "நிரப்புனாத்தான் எங்களுது."

"அப்ப யாருது சார்?"

"நிரப்பாதவங்களுது."

ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

பிள்ளைகள் காலால் கோடு போட்டார்கள். நான்கு மூலையிலும் குடம் வைத்தார்கள். அப்போது இன்பராஜ் மாஸ்டர் வந்து பக்கத்தில் நின்றார். அவர் கையில் அலுவலகக் குடம் ஒன்று இருந்தது.

"லோகா, ஒண்ணு கேக்கட்டுமா? அந்த டிரில்லு அப்படி இல்லதானே?"

"இல்ல மாஸ்டர்."

"எப்படி?"

எழுதிக் கொடுத்தால் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். வாயால் சொன்னால் போகுமா என்று யாருக்கும் தெரியாது. யாரும் சொல்லிப் பார்த்ததில்லை. மேட்ச் தொடங்க ஐந்து நிமிடம் இருந்தது. ரோஸ்லின் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கால்களைப் பார்த்தேன். மெலிந்த கால்கள். உள்ளே இருக்கும் ஒன்று வெளியே போனால் மிச்சம் ஏதும் இருக்காது.

மாஸ்டரைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் 'எப்படி' என்று கேட்ட முதல் ஆள் இவர்தான். மற்றவர்கள் எல்லோரும் 'யார்' என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

"வாயைத் திறக்கணும் மாஸ்டர்" என்றேன். "நெருக்கி நிக்கணும். இடிக்கணும். இடிக்கும்போது திட்டணும். விசிலைத் தூக்கி எறிங்க. புள்ளைங்க திட்டுற சத்தத்துலதான் வழி தெரியும்."

"என்னன்னு திட்டணும்?"

"அத நீங்க சொல்லித் தராதீங்க. அவங்களுக்கே தெரியும்."

அவர் தலையாட்டினார். குடத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, நடக்காமல், ஓடிப் போனார். அறுபது வயது.

நடுவர் விசில் ஊதினார். முதல் இரண்டு நிமிடம் எங்கள் பிள்ளைகள் அசையவில்லை. கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதிரணி ஒரு கோல் போட்டது. போய்விட்டது என்று நினைத்தேன். வாயால் சொன்னாலும் போகும் போலிருக்கிறது. நானே போக்கடித்தேன். படித்தவள் என்ற திமிரில் ஒரு கிழவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். என்னை நானே திட்ட ஆரம்பித்தேன். சத்தமாகத் திட்டினேன்.

ரோஸ்லின் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாக்கா, எங்க வேலைய நீ பாக்குற?"

பந்தை எடுத்தாள். மூன்று பேர் அவளை மறித்தார்கள். "தள்ளுடி! உங்கொப்பன் வீட்டு லாரியா?" என்றாள். இடுப்பைத் திருப்பினாள். குடம் இல்லாத இடுப்பில் குடம் இருந்தது. முதல் பெண் குடத்தில் மோதி விலகினாள். "இத்துப்போன மூஞ்சி, அந்தாண்ட போ!" என்று நம்மாள் ஒருத்தி வலப்பக்கமிருந்து கத்தினாள். ரோஸ்லின் வலப்பக்கம் திரும்பினாள். வழி இருந்தது. கோல்.

நடுவர் திட்டுவதற்கு அட்டை உண்டா என்று சட்டைப் பையைத் தேடினார். வாழைப்பழத் தோல்தான் இருந்தது. அதைக் காட்டினார். ஆட்டம் தொடர்ந்தது.

மூன்றுக்கு ஒன்று. ஜெயித்தோம். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க அவசரமில்லை.

ஐந்தரைக்கு இன்பராஜ் மாஸ்டர் போன் செய்தார். பின்னால் ஒரே கூச்சல்.

"லோகா! பசங்க சுவத்தத் திட்டுனானுங்க!"

"அப்புறம்?"

"குடுத்துடுச்சு. நாப்பத்தொண்ணும். ஒரே நேரத்துல."

"யாருக்காவது அடி பட்டுச்சா?"

"எனக்குத்தான். நாலு எடத்துல." அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "போனா போவுது."

பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து மைதானத்தை மடித்தார்கள். எங்களுக்கு மடித்துப் பழக்கமில்லை. கோணலாகத்தான் வந்தது. தலையணை அளவுக்கு ஆனது. அடுத்த மேட்சுக்கு மாடி ஏற வேண்டியதில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் தண்ணீர் லாரி நின்றது. மைதானத்தை இடுப்பில் இடுக்கி, மாஸ்டர் கொடுத்த குடத்தோடு வரிசையில் நின்றேன்.

"இந்தாம்மா, கொஞ்சம் தள்ளு" என்றாள் பின்னால் இருந்தவள். "உன் மைதானம் இடிக்குது."

நான் தள்ளவில்லை.